நிமிர்ந்து நின்ற வண்டி

"பிரேக்கில் குறை ஏதும் காணப்படவில்லை" என்று அந்தத் தாளில் எழுதியிருந்தது.

வீட்டில் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர். ஆனாலும் உரக்கப் படிக்கும் வேலை அவள் தலையில்தான் விழுந்தது. மாமனாருக்குக் கண்ணாடி உடைந்து பத்து நாளாகியிருந்தது. மாற்ற வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. அவள் அண்ணன் தாளைக் கையில் வாங்கவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்று, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கிரீஸ் விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"முன்சக்கர டிஸ்க்குகள் புதியவை. பின்சக்கர லைனிங் புதியது. பெடல் உறுதியாக உள்ளது. எண்ணெய்க் கசிவு இல்லை. கமான் பட்டைகள் புதியவை, முறிவு இல்லை. ஆகவே அளவுக்கு மீறிய வேகமும் ஓட்டுநரின் கவனக்குறைவுமே விபத்துக்குக் காரணம்."

எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. சோதனை அதிகாரியின் கையெழுத்து, பதவி, தேதி எல்லாவற்றையும் படித்தாள். தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் விலாசத்தையும் படித்தாள். படிக்க மேற்கொண்டு எதுவும் இல்லை என்று ஆன பிறகுதான் வாயை மூடினாள்.

"கடைசி வரிய மட்டும் இன்னொரு தடவ படிம்மா" என்றார் மாமனார்.

படித்தாள்.

"சரி" என்றார். எழுந்து ஆணியில் தொங்கிய சட்டையை மாட்டினார். பொத்தான் ஒன்று மாறி விழுந்திருந்தது. அவளும் சொல்லவில்லை, அவரும் பார்க்கவில்லை.

"எங்க மாமா கெளம்பிட்டீங்க? சாப்பிடவே இல்லையே."

"பஞ்சர் கடைக்கு."

மலைச்சாலை இறங்கி முடியும் இடத்தில் இருக்கும் பஞ்சர் கடையைத்தான் சொன்னார். அவர் மகனின் வண்டி பாறையில் உரசி நின்றபோது, பின்னால் இழுத்து வந்த டிரெய்லர் பக்கவாட்டில் வீசி அந்தக் கடையைத்தான் பெயர்த்தது. கடைக்காரருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. காரியம் முடிந்த மறுநாளிலிருந்து மாமனார் காலையில் அங்கே போய்விடுவார். கட்டுப்போட்ட காலோடு உட்கார்ந்திருப்பவருக்குப் பதிலாகக் காற்றடிப்பார், டயரை நெம்பி டியூபை உருவுவார், தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்ப்பார். முப்பது வருஷம் எடைமேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து லாரிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்த மனிதர். யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "என் பையன் செஞ்ச தப்பு. அவன் வரமுடியாது, நான் வந்திருக்கேன்."

மகன் செத்ததற்கு அவர் அழவில்லை. அவன்மேல் கோபமாக இருந்தார். அந்தக் கோபம்தான் அவரைக் காலையில் எழுப்பியது, நடக்க வைத்தது, இரண்டு வாய் தின்னவும் வைத்தது.

*

அவள் புருஷனுக்கு 'ஒத்தக்கை' என்று பட்டப்பெயர். ஸ்டியரிங்கில் ஒரு கை, ஜன்னலுக்கு வெளியே ஒரு கை. வெளிக்கை போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சலாம் வைக்கும். இருபது வருஷம் ஓட்டி ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று அவனே சொல்லிக்கொள்வான். "கோழிக்கே தெரியும், ஒத்தக்கை வந்தா ஒதுங்கணும்னு" என்பான் அண்ணன்.

அண்ணனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, 'நிதானம்'. காலையில் விட்ட வண்டியைச் சாயங்காலம் கேட்டால், "நாளான்னிக்கு" என்பான். ஒரு நட்டைக் கழற்றினால் அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, கழற்றிய வரிசையிலேயே பலகையில் வைத்துவிட்டுத்தான் அடுத்த நட்டில் சாவியை வைப்பான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பட்டறை அவர்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி. சாப்பாடு தங்கை வீட்டில்.

அவன் ஓட்டிய பிக்கப் வண்டி அவர்கள் கல்யாணத்துக்கு மூத்தது. கான்கிரீட் கலக்கும் இயந்திரத்தைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு, வீடு கட்டும் இடங்களுக்குப் போய்வந்துகொண்டிருந்தது. பிறகு மலைமேல் வீடுகள் கட்ட ஆரம்பித்தார்கள். சின்ன மண்வெட்டும் இயந்திரம் ஒன்றை டிரெய்லரில் ஏற்றி இழுத்துப் போனால் வருஷம் முழுக்க வேலை இருந்தது. ஆனால் அதன் கனம் கலவை இயந்திரத்தைப் போல மூன்று மடங்கு. டிரெய்லருக்குத் தனியாக பிரேக் கிடையாது. மொத்தத்தையும் வண்டிதான் பிடித்து நிறுத்த வேண்டும்.

"இந்தக் கெழவிய வெச்சுக்கிட்டா மலை எறங்கப் போற?" என்றான் அண்ணன், வண்டியைச் சுற்றி வந்து.

"கெழவிக்கு நீ பல்லு கட்டு மச்சான். இடுப்புக்கு ஒரு பட்டை போடு. அப்பறம் பாரு."

"பல்லு கட்டினா சாப்பிடத்தான் முடியும். ஓட முடியாது."

"எனக்கு ஓட வேண்டாம்யா. நின்னா போதும்."

நான்கு நாள் வேலை என்றான் அண்ணன். ஒன்பது நாள் ஆயிற்று. மரக்கட்டைகளின்மேல் வண்டி சக்கரமில்லாமல் உட்கார்ந்திருந்தது. முன்பக்கம் பழைய டிரம்மை எடுத்துவிட்டு, பிறகு வந்த பெரிய மாடலின் டிஸ்க்கை மாட்டினான். மாஸ்டர் சிலிண்டரை மாற்றினான். பின்பக்கம் புது லைனிங். வண்டியின் பாரத்தைத் தாங்கும் கமானில் துருப்பிடித்த போல்ட்டுகள் அசைய மறுத்தன. நெருப்புக் காட்டி, தட்டி, மறுபடி நெருப்புக் காட்டி ஒவ்வொன்றாக வாங்கினான். கமான் பட்டைகளோடு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கனத்த பட்டைகளைச் சேர்த்து அடுக்கினான்.

அவளுக்கும் வேலை இருந்தது. தகரத் தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிக் குட்டிச் சாமான்களைக் கழுவிக் கொடுத்தாள். பிரேக் எண்ணெய்க் குழாய்களில் இருந்த காற்றை எடுக்கும்போது டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தாள்.

"அமுக்கு பாப்பா."

"அமுக்கிட்டேன்."

"விடாத... விடாத... இப்ப விடு."

"கால் வலிக்குது அண்ணே."

"ஒன் புருஷன் உசுரு ஒன் கால்லதான் இருக்கு, மிதி" என்று அடியிலிருந்து கத்தினான். ஒத்தக்கை சிரித்துக்கொண்டே டீ ஊற்றினான்.

வேலை முடிந்த அன்று தெருவிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். டிரெய்லரும் இயந்திரமும் அடுத்த வாரம்தான் வருவதாக இருந்தது. காலி வண்டியைத் தெருக்கோடியிலிருந்து விரட்டிக்கொண்டு வந்து ஒத்தக்கை ஒரே மிதி மிதித்தான். டயர் கிறீச்சிட்டு, வண்டி அடித்துவைத்த ஆப்பு மாதிரி நின்றது. இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியோடு துள்ளினார்.

"யோவ் ஒத்தக்கை! யார் சட்டையாவது கருகிச்சுன்னா ஒன் முதுகுத் தோல உரிச்சுக் குடுத்திருவேன்!"

"நின்னுச்சா இல்லையா, அத சொல்லுங்க!"

"நின்னுச்சு, நின்னுச்சு. என் நெஞ்சும் சேந்து நின்னுச்சு."

அடுத்த வாரம் இயந்திரத்தை ஏற்றி, டிரெய்லரை மாட்டினார்கள். பழைய நாளில் கலவை இயந்திரத்துக்கே வண்டியின் பின்பாகம் உட்கார்ந்துவிடும், முன்விளக்கு இரண்டும் மரத்துக் கிளையைப் பார்க்கும். இப்போது ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. தெருவே வந்து பார்த்தது. ஒத்தக்கை பத்தடி பின்னால் போய், இடுப்பில் கை வைத்து நின்றான்.

"பாரேன், காலி வண்டி மாதிரி நிமிந்து நிக்குது!"

நிதானம் சிரித்தான். அவன் சிரித்து அவள் அதிகம் பார்த்ததில்லை.

*

இரண்டு வாரம் சமதளத்தில் வேலை. மூன்றாவது வாரம் முதல்முறையாக மலைக்குப் போனான். ஏற்றத்தில் சிரமமில்லை. மூன்று நாள் மேலே மண் வெட்டினார்கள். நான்காம் நாள் மதியம், இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, அடிவாரத்தில், கடைசியான ஏழாவது வளைவில் நடந்தது.

போனில் பேசியவர், "வண்டி உங்களுதுங்களா?" என்று கேட்டார். வண்டியின் நிறத்தைச் சொன்னார். கதவில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினார். எல்லாவற்றுக்கும் அவள் "ஆமாங்க, ஆமாங்க" என்றாள். அவர் கொஞ்சம் நிறுத்தினார். அப்போது அவள் கேட்டாள்:

"மெஷினுக்கு ஒண்ணும் ஆகலையே?"

வாடகை இயந்திரம் என்பதால் அப்படிக் கேட்டிருக்கலாம். எதனால் கேட்டாள் என்று பிற்பாடு எத்தனை யோசித்தும் அவளுக்கு விளங்கவில்லை. எதிர்முனையில் அந்த மனிதர், "இல்லம்மா, மெஷினுக்கு ஒண்ணும் இல்ல" என்று பொறுமையாகப் பதில் சொன்னார். அந்தப் பொறுமையில்தான் அவளுக்கு மற்றது தெரிந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நடந்தது. வந்தார்கள், உட்கார்ந்தார்கள், அழுதார்கள். யாரோ டம்ளரைக் கையில் வைத்தார்கள். அது சூடா ஆறிப்போனதா என்று தெரியாமல் குடித்தாள். காதில் மட்டும் எல்லாம் விழுந்தது.

"எத்தன தடவ சொல்லியிருக்கேன், ரெண்டு கையால பிடிடான்னு."

"புது பிரேக்கு இருக்குன்னு தைரியம். பறந்திருப்பான்."

"நிதானம் போட்ட பிரேக்குய்யா அது, எப்படிப் போவும்? இவன் மிதிக்கணும்ல?"

அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டு முற்றத்து மூலையில் நின்றான். யாரோ அவன் தோளைத் தட்டி, "ஒன் மேல தப்பில்லப்பா" என்றார்கள்.

*

தாள் வந்த மறுநாள் வண்டியை விடுவித்துக் கொடுத்தார்கள். இன்னொரு வண்டி கட்டி இழுத்துவந்து பட்டறைக்குள் விட்டுப்போயிற்று. டிரைவர் பக்கக் கதவு உள்ளே மடங்கியிருந்தது, அந்தப் பக்கத்துக் கூரை இறங்கியிருந்தது. அடிப்பாகம் அப்படியே இருந்தது. பின்பாகம் இன்னமும் நிமிர்ந்தே நின்றது.

பழைய இரும்புக்காரர் வந்து விலை கேட்டார். அண்ணன், "அப்பறம் பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டு ஜாக்கியை எடுத்தான்.

"என்ன பண்ணப் போற?" என்றாள் அவள்.

"தெறந்து பாக்கணும்."

"அதான் ஆபீசர் பாத்து எழுதிக் குடுத்துட்டாருல்ல?"

"அவரு மிதிச்சுப் பாத்தாரு, எழுதினாரு. தெறந்து பாக்கல." ஜாக்கியின் கைப்பிடியைக் கோத்துக்கொண்டே சொன்னான்: "அவன் ஒத்தக்கைதான் பாப்பா. ஒத்தக்கால் இல்ல. நான் அவன்கூட எத்தன மைல் போயிருக்கேன். அவன் மிதிப்பான்."

முன்சக்கரத்தைக் கழற்றினான். டிஸ்க் வெள்ளையாக இல்லை. தண்ணீரில் மண்ணெண்ணெய் சிந்தியது போல நீலமும் ஊதாவுமாக ஓடியிருந்தது. தீயில் வாட்டிய இரும்புக்கு வரும் நிறம். நகத்தால் சுரண்டினான். கருகிய தூள் உதிர்ந்தது.

"மிதிச்சிருக்கான்" என்றான். "இப்படி ஆவணும்னா எவ்ளோ மிதிச்சிருக்கணும்! எண்ணெய் கொதிச்சிருக்கும். கொதிச்சா பெடல் காத்தா போயிரும், ஒண்ணும் பிடிக்காது. ஆறினா மறுபடி கல்லு மாதிரி ஆயிரும். ஆபீசர் ஆறின பெறகு மிதிச்சிருக்காரு."

"அப்ப பின்னாடி?"

பின்சக்கரத்துக்குப் போனான். டிரம்மைத் தட்டி உருவினான். உருவியதும் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

புது லைனிங் மாட்டும்போது அதன்மேல் சாக்பீஸால் குறுக்கே கோடு இழுத்துவிடுவது அவன் வழக்கம். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுத் திறந்து பார்த்தால், எங்கெங்கே டிரம்மில் படிகிறது என்று தெரியும். நாலு தெரு ஓட்டினாலே கோடு போய்விடும். மூன்று வாரம் ஓடி, மலை ஏறி இறங்கிய வண்டியின் பின் லைனிங்கில் சாக்பீஸ் கோடு பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. பள்ளிக்கூடப் பலகையில் நேற்று எழுதியது போல.

"என்னண்ணே?"

"பிடிக்கவே இல்ல" என்றான். "பின்னாடி பிடிக்கவே இல்ல பாப்பா. எல்லாத்தையும் முன்னாடி ரெண்டே தனியா தாங்கியிருக்கு."

டிரம்மை மறுபடி மாட்டினான். "மேல ஏறி உக்காரு. மிதி."

அவள் தயங்கினாள். பிறகு இடப்பக்கத்துக் கதவு வழியே ஏறி, நகர்ந்து நகர்ந்து அந்த சீட்டுக்குப் போனாள். இறங்கிய கூரை தலையில் இடித்தது. யாரோ கழுவிவிட்டிருந்தார்கள், சீட்டின் மடிப்பில் கண்ணாடித் தூள் மட்டும் மினுங்கியது. காலை நீட்டி மிதித்தாள். பெடல் கல்லாக நின்றது.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

அவன் தூக்கி நிறுத்திய பின்பக்க டிரம்மின் போல்ட்டுகளுக்கு நடுவில் கடப்பாரையைக் கோத்து ஒரு நெம்பு நெம்பினான். டிரம் முனகிக்கொண்டு திரும்பியது.

"இன்னும் அமுக்கு!"

"ரெண்டு காலாலயும் அமுக்கறேன்."

திரும்பியது.

அவன் வண்டிக்கு அடியில் போனான். கைவிளக்கின் வெளிச்சம் மட்டும் தரையில் நகர்ந்தது. குழாயைத் தொட்டுக்கொண்டே முன்னாலிருந்து பின்னால் போகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. வெளிச்சம் ஒரு இடத்தில் நின்றது. மறுபடி அசையவில்லை.

"பாப்பா." வெகுநேரம் கழித்து அவன் கூப்பிட்டான். "கால எடுத்துட்டு மறுபடி மிதி."

மிதித்தாள். அடியில் எதையோ தூக்கிக் கட்டிவிட்டு வெளியே வந்து கடப்பாரையைக் கோத்தான். நெம்பினான். உடம்பின் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினான். டிரம் மயிரிழை அசையவில்லை.

கடப்பாரை அவன் கையிலிருந்து விழுந்தது.

வண்டிக்கு அடியில், சட்டத்தில், தீப்பெட்டி அளவில் ஒரு பித்தளைப் பெட்டி இருந்தது. அதிலிருந்து ஒரு நெம்புகோல். நெம்புகோலிலிருந்து விரல் தடிமனில் ஒரு கம்பி பின் அச்சுக்குப் போகும். பாரம் ஏற்றினால் வண்டி தாழும், கம்பி நெம்புகோலை மேலே தள்ளும், பெட்டி பின் பிரேக்குக்கு நிறைய எண்ணெய் அனுப்பும். வண்டி காலியாக நிமிர்ந்திருந்தால் நெம்புகோல் கீழே இறங்கும். காலி வண்டிக்குப் பின் பிரேக் பலமாகப் பிடித்தால் சக்கரம் வழுக்கும் என்று, பெட்டி அதைக் குறைத்துவிடும். அந்தப் பெட்டிக்குக் கண் கிடையாது. வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் பாரம் இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியும்.

கமானைக் கனமாக்கிய பிறகு வண்டி தாழவே இல்லை.

அவளுக்கு அந்தக் கம்பி ஞாபகம் இருந்தது. எட்டாவது நாள் சாயங்காலம். வண்டி உயர்ந்துவிட்டதால் கம்பி எட்டவில்லை. "அண்ணே, இது கொறையா நிக்குதே" என்று அவள்தான் காட்டினாள். அண்ணன் நெம்புகோலைக் கீழே இழுத்து, கம்பியின் கண்ணியில் மாட்டிவிட்டு, "இப்ப எட்டிடுச்சா?" என்றான். மூன்று விரற்கடை இரும்பை ஒட்டவைத்துக் கம்பியை நீட்டியிருந்தால் போதும். அரை மணி வேலை.

"ஒனக்கு இது தெரியாதா?" என்று கேட்டாள். கேட்டது தான்தானா என்று இருந்தது.

"தெரியும்." அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அது எதுக்குன்னு எனக்குத் தெரியும் பாப்பா. யாராச்சும் கேட்டிருந்தா வெளக்கமா சொல்லியிருப்பேன். மாட்டும்போது தோணல. கமானு கமானா இருந்துச்சு, பிரேக்கு பிரேக்கா இருந்துச்சு. ரெண்டையும் சேத்து நெனைக்கல."

"அண்ணே."

"என்ன?"

"கால எடுக்கட்டுமா?"

அவள் இன்னும் மிதித்துக்கொண்டுதான் இருந்தாள்.

*

அவன் சக்கரத்தை மாட்டாமல், பட்டறை மூலையில் இருந்த குழாயடியில் கை கழுவினான்.

"மாமா பஞ்சர் கடையிலதான இருப்பாரு?"

"இப்ப எதுக்கு மாமா?"

"சொல்லணும்."

அவள் பட்டறைக் கதவை இழுத்துச் சாத்தினாள். பட்டப்பகலில் எதற்குச் சாத்தினாள் என்று அவளுக்கே புரியவில்லை. அவளுக்கென்று உலகத்தில் மிஞ்சியிருந்தது இவன் ஒருவன். இவன் வாயைத் திறந்தால், இனி ஒரு சைக்கிளைக்கூட இந்தப் பட்டறைக்குள் எவனும் உருட்டிக்கொண்டு வரமாட்டான். அதுகூடப் பரவாயில்லை. இன்று ராத்திரி இவனுக்குச் சோறு போட வேண்டும். போட்டுவிட்டு எதிரில் உட்கார வேண்டும்.

"மூடிரு அண்ணே" என்றாள். "சக்கரத்த மாட்டு. இரும்புக்காரர வரச்சொல்லு. ஆபீசரே எழுதிக் குடுத்துட்டாரு. போனவரு போயிட்டாரு."

"பாப்பா—"

"எனக்கு நீயாவது வேணும்."

அவன் ஈரக் கையோடு நின்றான். "அங்க ஒரு மனுசன் மகன் பாவத்துக்குன்னு காத்தடிச்சுக்கிட்டு இருக்காரு" என்றான். "ஒரு நாள் இல்ல, ரெண்டு நாள் இல்ல. அவன் பண்ணாததுக்கு."

"நாளைக்குச் சொல்லலாம்."

"நாளைக்கு நான் சொல்ல மாட்டேன். என்னப் பத்தி எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் நாளான்னிக்குன்னு சொல்லிக்கிட்டே போயிருவேன்."

அவள் கதவிலிருந்து கையை எடுத்தாள். அவன் முன்னால் நடந்தான். அவள் பின்னால் போனாள். செருப்புப் போட மறந்திருந்தாள்.

*

பஞ்சர் கடைக்குப் பழைய தார்ப்பாயில் புதுக் கூரை போட்டிருந்தார்கள். கடைக்காரர் டயர் அடுக்கில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை இன்னொரு டயர்மேல் நீட்டியிருந்தார். மாமனார் ஒரு சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா" என்றார் கடைக்காரர். "ஒங்க மாமனாரக் கூட்டிட்டுப் போங்க. காத்தடிக்கிறேன்னு நேத்து ரெண்டு டியூப வெடிக்க வெச்சுட்டாரு. என் காலு தேறுறதுக்குள்ள கடை தேயுது."

மாமனார் நிமிர்ந்து பார்த்தார். அவள் வெறுங்காலைப் பார்த்தார். "என்னம்மா?"

அண்ணன் சொன்னான். சுற்றி வளைக்கவில்லை. டிஸ்க்கின் நிறம், சாக்பீஸ் கோடு, கடப்பாரை, கம்பி என்று ஒவ்வொன்றாக, பலகையில் நட்டுகளை அடுக்குவது போலச் சொன்னான். கடைசியில், "அவன் பேருல தப்பில்ல மாமா. நான் பண்ணினது" என்றான்.

சைக்கிள்காரன் காசை டயர்மேல் வைத்துவிட்டு ஓசைப்படாமல் நழுவினான்.

மாமனாரின் கையில் காற்றுப் பம்பின் குழாய் இருந்தது. அதைத் தரையில் வைக்க அவருக்கு வழி தெரியவில்லை. அடிப்பாரோ என்று அவள் பார்த்தாள். அடித்தால் தேவலை என்றுகூட நினைத்தாள்.

"இரு தம்பி" என்றார் அவர். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. அவன் வேகமா வரல?"

"இல்ல மாமா. ரெண்டாவது கியருலதான் இருந்திருக்கு."

"பிரேக்க மிதிச்சான்?"

"மேலேருந்தே மிதிச்சிருக்கான். டிஸ்க்கு அப்படி வெந்திருக்கு."

"அப்ப பிரேக்கு இல்லன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

அண்ணன் விரல்களை வேட்டியில் துடைத்தான்.

"தெரிஞ்சிருக்குல்ல?" என்றார் மாமனார். "நான் என்னா நெனச்சேன்னா, வேடிக்க பாத்துக்கிட்டே வந்தான், என்ன நடக்குதுன்னு தெரியறதுக்கு முன்னாடி முடிஞ்சு போச்சுன்னு நெனச்சேன். அதுல ஒரு..." கையிலிருந்த குழாயைப் பார்த்தார். "எவ்ளோ நேரம் தம்பி?"

இத்தனை நாளில் அவள் இதை நினைக்கவே இல்லை. கவனக்குறைவு என்று எழுதியிருந்த தாளுக்குள் அவள் புருஷன் எதையும் அறியாமல் பத்திரமாக இருந்திருக்கிறான்.

"அது எனக்குத் தெரியல மாமா."

"நான் சொல்றேன்" என்றார் பஞ்சர் கடைக்காரர்.

மூவரும் திரும்பினார்கள். அவர் யார் முகத்தையும் பார்க்காமல் பேசினார்.

"ஆரன் சத்தம் மேலேருந்தே வந்துச்சு. கைய எடுக்காம அடிச்சுக்கிட்டே வந்தாரு. எவனோ கொழுப்பெடுத்தவன் வர்றான்னு திட்டினேன். ஆபீசர்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன், திமிரா ஆரன் அடிச்சிட்டு வந்தான்னு. அப்ப ஒரு டியூப சுரண்டி சொலுஷன் தடவியிருந்தேன். அது காயணும்ல? காஞ்சாத்தான ஒட்டு நிக்கும். ஆரன் கேட்டுக்கிட்டே இருக்கு, நானும் திட்டிக்கிட்டே உக்காந்திருக்கேன். காஞ்சுது. ஒட்ட வெச்சேன். சத்தம் கிட்டக்க வருதேன்னு எந்திரிச்சு வெளிய வந்தேன். அதான் காலோட போச்சு. உக்காந்திருந்தா தலை." தார்ப்பாயைப் பார்த்தார். "தடவினதுலேருந்து காயற வரைக்கும். அவ்ளோ நேரம்."

"அது எவ்ளோ நேரம்?" என்றார் மாமனார்.

"வெயிலப் பொறுத்து பெரியவரே. அன்னைக்கு இன்னைக்கு மாதிரிதான், மப்பா இருந்துச்சு."

"காட்டுங்க."

"என்னத்த?"

"தடவிக் காட்டுங்க."

கடைக்காரர் அவரைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் கிடந்த ஒரு பழைய டியூபை எடுத்து, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு அரத்தால் சுரண்டினார். தூளை ஊதினார். டப்பாவைத் திறந்து, சுட்டுவிரலால் சொலுஷனைத் தொட்டு வட்டமாக ஒரே சீராகத் தடவினார். மாமனார் குத்துக்காலிட்டு உட்கார, டியூபை அவர் கண்ணுக்குத் தெரியும்படி எதிரே தரையில் வைத்தார்.

சாலையில் ஒரு பேருந்து இறங்கிப் போனது. பின்னாலேயே ஒரு லாரி, கியரில் முனகிக்கொண்டு மெதுவாகப் போனது. சொலுஷன் பளபளத்தது. அவள் அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து மலையைப் பார்த்தாள். மேலே சாலை வளைவு வளைவாக வெட்டுண்டு தெரிந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. திரும்பிப் பார்த்தாள். இன்னும் பளபளத்தது. அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுடைய இரண்டு கால்களும் தரையை அழுத்திக்கொண்டிருந்தன. டயருக்குக் காற்றடிக்க வந்த ஒருவன் வண்டியை நிறுத்தி, இவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே காத்திருந்தான். ஒரு இலை உருண்டு வந்து டியூப் பக்கம் போயிற்று. மாமனார் கையை வைத்து அதை மறித்தார்.

கடைக்காரர் குனிந்து, விரலின் பின்பக்கத்தால் மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னும் காயல" என்றார்.